குளியலறையில் ஒரு குடை

ஜூன் 4

மேல்மாடியில் எழுந்தருளியிருக்கும் அக்கா அவர்களுக்கு,

ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். எப்படியும் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, தாங்களும் தெரிந்துகொள்ளலாம். இன்று காலை நான் கமோடில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டவெளியில் இல்லை. நான்கு சுவரும் ஒரு கூரையும் உள்ள என் சொந்தக் குளியலறையில். அந்தக் கூரைக்கு மேலே இருப்பது தங்கள் குளியலறை என்பதை நினைவூட்டுகிறேன்.

முதலில் கூரையில் ஒரு பழுப்புக் கறைதான் வந்தது. சரி, வயதான கட்டடம், வயதான எனக்கும் முகத்தில் கறை இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு சொட்ட ஆரம்பித்தது. எங்கே சொட்டுகிறது என்கிறீர்கள்? வாளி வைக்கிற இடத்திலா? இல்லை. நான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, என் உச்சந்தலையில் முடி விடைபெற்றுக்கொண்ட அந்த வட்டத்தைக் குறிபார்த்துச் சொட்டுகிறது.

குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. துண்டு எடுக்க வந்த என் மனைவி இந்தக் காட்சியைப் பார்த்தாள். பார்த்தவள் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். போய் போனை எடுத்து வந்து படம் பிடித்தாள். மடியில் செய்தித்தாள் இருந்ததால் மானத்தில் பாதி தப்பியது. அந்தப் படம் அவள் பிறந்த வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், என் கண்ணாடிக்கடைக்கு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி சரிபார்க்க வந்தவர் ஃபிரேமைப் போட்டு என்னைப் பார்த்துவிட்டு, “இப்ப தெளிவா தெரியுது, குடை எங்கே அண்ணே?” என்கிறார்.

தங்களிடம் வாயால் சொன்னேன், கேட்கவில்லை. படிக்கட்டில் நின்று சொன்னேன், கதவைச் சாத்தினீர்கள். போனில் என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஒரே வீட்டில் கீழே இருப்பவன் மேலே இருப்பவளுக்குக் கடிதம் எழுதிக் கேட் பக்கத்துப் பெட்டியில் போடுகிறேன். இனி மனிதர்களை நம்புவதாக இல்லை. மெஷின் வாங்கிவிட்டேன்.

அதற்கு ஸ்மார்ட் லீக் டிடெக்டர் என்று பெயர். வைஃபையில் சேரும் ஒரு பெட்டி, மூன்று வெள்ளை வட்டங்கள், ஒரு வால்வு. வட்டத்தைத் தரையில் வைக்க வேண்டும். அடியில் ஈரம் பட்டவுடன் பசித்த குழந்தை மாதிரி வீறிட்டுக் கத்தும், என் போனுக்கும் செய்தி அனுப்பும். எந்த வட்டம் கத்தினாலும் வால்வு தானாகவே தண்ணீரை மூடிவிடும். தங்கள் வீட்டுக்கு ஏறும் குழாய் என் துணி துவைக்கும் இடத்தின் வழியாகத்தான் போகிறது. வால்வை அதில்தான் மாட்டப்போகிறேன். குற்றவாளி மேலே இருக்கும்போது என் குழாயில் எதற்கு வால்வு?

ஒரு வட்டம் என் குளியலறைக்கு, ஒன்று என் சமையலறைக்கு. மூன்றாவதை ஒரு பையில் போட்டுத் தங்கள் கதவுக் கைப்பிடியில் மாட்டியிருக்கிறேன். என் இரண்டும் கடைக்காரர் பிரித்து, பேட்டரி வேலை செய்கிறதா என்று கத்தவைத்துக் காட்டியவை. தங்களுக்குக் கொடுத்திருப்பது சீல் உடைக்காத புத்தம் புதிது. சண்டை நடக்கும்போதும் அக்காவுக்கு நல்லதாகப் பார்த்துக் கொடுக்கும் தம்பி நான். அதைத் தங்கள் வாஷ்பேசினுக்கு அடியில், எடுத்தது எடுத்தபடி வைக்கவும். திருகக் கூடாது, பிய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. தங்கள் கை பட்ட டிவி ரிமோட் என்ன கதிக்கு ஆளானது என்று இந்தக் குடும்பத்துக்கே தெரியும்.

இப்படிக்கு,
கீழே நனைந்துகொண்டிருக்கும் தம்பி


ஜூன் 5

தம்பி,

உன் ‘தாங்கள்’, ‘அவர்கள்’ எல்லாவற்றையும் மடித்து உன் கடைக் கண்ணாடிக் கூட்டில் வை. நீ எனக்கு மரியாதை கொடுத்தால் அடுத்த வரியில் அடி விழும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

இந்தத் தாள், திரைச்சீலை தைக்கக் கொடுத்த ஒருவர் வீட்டு ஜன்னல் அளவு குறித்த தாள். பின்பக்கம் காலியாக இருந்தது. உனக்கு இது போதும்.

என் குளியலறையில் எதுவும் ஒழுகவில்லை. குனிந்து பார்க்க இடுப்பு இடம் கொடுக்காது, நின்றபடியே நன்றாகப் பார்த்தேன். குழாய் குழாயாக இருக்கிறது. உன் கூரை அழுதால் அது உன் கூரையின் பிரச்சினை. தினமும் உன்னை அந்தக் கோலத்தில் பார்த்தால் யாருக்குத்தான் அழுகை வராது?

குடைப் படத்தை நானும் பார்த்தேன். உன் பெண்டாட்டி எனக்கும் அனுப்பினாள். உன் எண்ணைத்தான் தடுத்திருக்கிறேன், அவள் எண்ணை இல்லை.

நான் எப்போது குளிக்கிறேன், எப்போது கை கழுவுகிறேன் என்று உன் போனுக்குத் தகவல் வர வேண்டும், அப்படித்தானே? நல்ல மெஷின். கல்யாணமாகி இந்த வீட்டிலேயே தங்கிவிட்ட நாளிலிருந்து என்னை வேவு பார்க்க நம் குடும்பத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை, இப்போது அதற்கும் வட்டம் வந்துவிட்டது.

படிக்கட்டில் ஏன் கதவைச் சாத்தினேன் என்று புலம்புகிறாய். அன்றைக்கு அங்கே நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார். உனக்கு ஜோக் அடித்த மறுநிமிடம் மறந்துவிடும். கேட்டவர்களுக்கு மறக்காது.

வட்டத்தை வைக்கிறேன். நீ சொன்னதற்காக இல்லை, அது கத்தாது என்று எனக்குத் தெரியும் என்பதற்காக. அது கத்தவில்லை என்றால் நீ மேலே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் வேண்டாம். உன் அத்தானிடம்.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

வெற்றிச் செய்தி.

மெஷினை மாட்டிவிட்டேன். சும்மா இல்லை, படாத பாடு பட்டேன். அந்தப் பெட்டியின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் விட்டு விட்டு எரிகிறது. நீலமாகும்வரை பொத்தானை அழுத்த வேண்டுமாம். கட்டைவிரல் மரத்துப்போனதுதான் மிச்சம். இந்த வயதில் என்னைப் பார்த்து இவ்வளவு நேரம் கண்ணடித்த ஜீவன் வேறு எதுவும் இல்லை. பிறகு வைஃபை கடவுச்சொல் கேட்டது. மனைவி அதை எப்போதோ மாற்றியிருக்கிறாள். என்ன என்று கேட்டேன். சொல்லத் தயங்கினாள். வற்புறுத்தியதும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அதில் என் பெயரும் இருக்கிறது, பொதி சுமக்கும் ஒரு பிராணியின் பெயரும் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும், பெட்டியில் ஏற்கெனவே பதிந்து வந்த மூன்று வட்டங்களும் ஆப்பில் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. மூன்றுக்கும் பக்கத்தில் பச்சைத் துளி. ஈரம் என்று செய்தி வராதவரை பச்சை, வந்தால் சிவப்பு. குழாய்க்காரர் வந்து வால்வை மாட்டினார். மாட்டும்போது, “அண்ணே, இது மேல்வீட்டுத் தண்ணியையே நிறுத்திடுமே, சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். கடிதம் போட்டிருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்போது கேள். நேற்றுக் காலை நான் குளியலறையை விட்டு வெளியே வந்து பல் தேய்க்கும் பிரஷைத் தேடிக்கொண்டிருக்கிறேன், உள்ளே வட்டம் அலறுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் அடியில் ஈரம். துணி துவைக்கும் இடத்தில் ‘டக்’ என்று சத்தம், வால்வு மூடிவிட்டது. இன்றும் அதே நேரம், அதே அலறல், அதே ‘டக்’. தினமும் காலையில் மேலே தண்ணீர் ஓடும்போது கீழே ஈரமாகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மெஷினுக்கு என்மேல் பாசமும் கிடையாது, உன்மேல் பகையும் கிடையாது.

ஆளை அனுப்பட்டுமா, நீயே அழைக்கிறாயா?

தம்பி


ஜூன் 8, மாலை

தம்பி,

வெற்றிச் செய்தியா? உன் வெற்றி மேலே எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

உன் அத்தானைக் காலையில்தான் குளிப்பாட்ட முடியும். தூக்கி உட்காரவைக்க வரும் பெண் அந்த நேரத்துக்குத்தான் வருவாள், அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவாள். நேற்று அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தலையிலும் முகத்திலும் சோப்புப் போட்டுவிட்டுக் குழாயைத் திறக்கிறேன், காற்று வருகிறது. சோப்பு கண்ணில் இறங்குகிறது. அவருக்கு வலது கை எழவே எழாது. இடது கையால் நாற்காலியைப் பிடிக்காவிட்டால் சாய்ந்துவிடுவார். கண்ணைத் துடைப்பதா, விழாமல் இருப்பதா என்று அவர் யோசிக்கிறார். யோசித்துவிட்டு, எரியட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் குடிக்கிற தண்ணீர் ஜக்கை எடுத்து வந்து ஊற்றினேன்.

இன்றைக்கும் அதே. இன்றைக்கு ஜக்கில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

அவருக்கு இவ்வளவு முடியாமல் போனது உனக்குத் தெரியாது என்று சொல்லப்போகிறாய். எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த மறுநாள் நீ படிக்கட்டில் நின்று கத்தினாய்: “மேலே குளிக்கிறது மனுஷங்களா, யானையா?” அவர் கூடத்தில் படுத்திருந்தார். பேச்சு குழறுகிறது, காது நன்றாகக் கேட்கிறது. உடம்பு கனத்துப்போனதில் அவருக்கே கூச்சம். அன்றைக்கு முழுக்கக் குளிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கதவைச் சாத்தியதோடு விட்டேனே என்று சந்தோஷப்படு.

பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஏற்கெனவே விசாரித்துவைத்திருக்கிறேன். அறை இருக்கிறது என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை, இவரும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இன்னொரு முறை என் வீட்டில் தண்ணீர் நின்றால், அவரை அங்கே சேர்த்துவிட்டு நானும் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடுவேன். மேல்மாடியைப் பூட்டுகிறேன். பிறகு நீ நிம்மதியாக, தலை காய்ந்தபடி, உட்கார்ந்துகொள்.

உன் புத்தம் புதிய வட்டம் வாஷ்பேசினுக்கு அடியில் வாயைத் திறக்காமல் கிடக்கிறது.

அக்கா


ஜூன் 9

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் ஒருவருக்குத் தூரப் பார்வைக் கண்ணாடிக்குப் பதில் கிட்டப் பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் பேருந்து நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்து சத்தம் போட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. கை எழவில்லை, பேச்சு குழறுகிறது, ஒரு வார்த்தை எனக்குச் சொல்ல வேண்டாமா? உன் தலைக்குக் கீழேதானே இருக்கிறேன். தரையில் காலைத் தட்டினால்கூடக் கேட்டிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்றால், நன்றாகி வந்துவிட்டார் என்றுதானே நினைப்பார்கள்? எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். நான் விழுந்தபோது என்னைத் தூக்காமல் சைக்கிளைத் தூக்கிப் பார்த்த மனுஷன். அவரைப் போய் யானை என்று சொல்வேனா? நான் உன்னைத்தான் சொன்னேன்.

இதைச் சொன்னால் இன்னும் கோபப்படுவாய் என்று தெரிகிறது. அடித்துவிட்டு எழுதினால் தாள் அசிங்கமாக இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒன்று. மெஷின் கத்தியது உண்மை, ஈரம் உண்மை. அதற்கு என்ன சொல்கிறாய்? வால்வு தானாக மூடாதபடி ஆப்பில் மாற்றிவிட்டேன். இனிமேல் ‘தண்ணீரை மூடட்டுமா?’ என்று என் போனில் கேட்கும். நான் சரி என்று அழுத்தினால்தான் மூடும். நான் எதற்கு அழுத்தப்போகிறேன்? நீ இல்லம் கில்லம் என்று மிரட்டாதே. அத்தானை வெளியே அனுப்புவது என்றால் என்னைக் கேட்காமல் செய்ய முடியாது. வண்டி கேட்டைத் தாண்டாது.

தம்பி


ஜூன் 12

தம்பி,

அழுத்திவிட்டாய்.

இன்று காலை, தலையில் சோப்போடு, மறுபடியும். இந்த முறை ஜக்கை நிரப்பித்தான் வைத்திருந்தேன், எனக்கு உன்னைத் தெரியும். ஆனால் அவர் அழுதுவிட்டார். சோப்பினால் இல்லை.

வண்டி திங்கட்கிழமை வருகிறது. கேட்டைத் தாண்டாது என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்டுக்கு முன்னால் படுத்துக்கொள், குடையை விரித்துக்கொண்டு. உன் பெண்டாட்டி படம் பிடிப்பாள்.

போவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். உன் பெண்டாட்டி நேற்று வந்து இவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாள், நான் கடைக்குப் போய்வந்தேன். பேச்சுவாக்கில் சொன்னாள்: “அது எப்பவும் அவரு எழுந்து வந்த பிறகுதான் கத்துது அண்ணி, உள்ளே இருக்கிறவரைக்கும் சத்தமே இல்லை.” நான் திரைச்சீலை தைப்பவள், மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். எழுந்து வரும்போது அந்தக் குடையை எங்கே வைக்கிறாய்?

அக்கா


ஜூன் 13

அக்கா,

மூலையில் வைக்கிறேன்.

கதவுக்குப் பின்னால், கமோடுக்குப் பக்கத்து மூலை. வட்டத்தையும் அங்கேதான் வைத்திருந்தேன், அரைத் தூக்கத்தில் போய் மிதித்துவிடக் கூடாது என்று. உன் கடிதத்தைப் படித்ததும் முதல் வேலையாகக் குழாய்க்காரரை வரவைத்து வால்வைக் கழற்றச் சொன்னேன், பயப்படாதே. அதற்குப் பிறகுதான் சோதித்தேன். குடையோடு போனேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், மடக்கி மூலையில் சாத்தினேன். வெளியே வந்து வாசலில் நின்றேன். குடையின் முனையிலிருந்து தண்ணீர் வடிந்து, தரையில் ஓடி, வட்டத்துக்கு அடியில் போனது. கத்தியது. நான் அங்கேயே நின்று கத்தவிட்டேன். மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் போனாள். அவள் பேசாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும்.

அந்த ‘சரி’யையும் சொல்லிவிடுகிறேன். நேற்று குடையை மூலையில் சாத்திய கையோடு ஓடிப்போய், சீக்கிரமே கடையைத் திறந்து ஒரு அம்மாவுக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஏதோ வந்தது, எழுத்து பொடிப்பொடியாக இருந்தது, என் கண்ணாடியைத்தான் அந்த அம்மா போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சனியன் ஒழியட்டும் என்று அழுத்தினேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறேன், அக்கா. என் மேல் எனக்கு வருகிற கோபத்துக்குக் கடிதம் எழுதலாம் என்றால், பெட்டியில் போட்டாலும் எனக்கேதான் வரும்.

ஆனால் குடை எதனால் நனைந்தது? சொட்டு சொட்டுதானே? அதை விட முடியவில்லை. இரவு முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். உன் வட்டம் இன்றுவரை ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஆப்பில் அதற்குப் பச்சைத் துளிதான், மாறவே இல்லை. மேலே ஈரம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அப்படியென்றால் தண்ணீர் என் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது. நீ ஆரம்பத்திலிருந்தே சொன்னாய். நான் கேட்கவில்லை.

குழாய்க்காரரிடம் இதைச் சொன்னேன். அவர், “நானும் அதேதான் நினைச்சேன் அண்ணே” என்றார். முன்பு வந்தபோது மேல்வீடுதான் என்று அடித்துச் சொன்னவர் இவர்தான். நாளைக்குச் சுவரை உடைக்கிறார்.

வண்டியை அனுப்பச் சொல்லாதே. தூக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். தினமும் காலையில் வருகிறேன். என் முதுகும் சரியில்லைதான், இருந்தாலும் மூட்டை தூக்கும் பிராணி என்று வீட்டிலேயே பெயர் வாங்கியிருக்கிறேன்.

கழற்றிய வால்வைப் பையில் போட்டு உன் கதவில் மாட்டியிருக்கிறேன். அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். என் தலையில் போடுவதென்றாலும் சொல்லிவிட்டுப் போடு, குடை எடுத்து வருகிறேன்.

தம்பி


ஜூன் 17

தம்பி,

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேரில் பேச ஆரம்பித்தால் கத்திவிடுவேன், அவர் முன்னால் கத்த வேண்டாம் என்று பார்க்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

வண்டி வந்தது. ஓட்டுநர் கேட்டில் நின்று ஹாரன் அடித்தார். நீ அப்போது என் குளியலறையில் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சோப்பை இங்கும் அங்கும் தேடிக்கொண்டிருந்தாய். சோப்பு உன் சட்டைப் பையில் இருந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பினேன். இல்லத்தில் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அறை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் என்றுதான் சொன்னேன். நீ ஒரு நாள் வராவிட்டாலும் மறுநாள் வண்டி வரும்.

நீ செய்த தப்புகளைச் சொல்கிறேன், நாளைக்குத் திருத்திக்கொள். அவரை அக்குளில் பிடித்துத் தூக்காதே, வலிக்கும். இடுப்பில் துண்டைச் சுற்றி அதைப் பிடித்துத் தூக்கு. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் சொல்லிவிட்டு ஊற்று. அவருக்குக் காது கேட்கும், நீ சத்தம் போட்டுப் பேச வேண்டாம். வாசலில் என் செருப்பை ஓரமாகத் தள்ளாதே.

மன்னிப்பு கேட்டது சரி. ஆனால் அப்படி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? நல்லவேளை, அவருக்கு உன்னைவிட நகைச்சுவை அதிகம். நீ வாளியை இடறிவிட்டு, தலையிலிருந்து கால்வரை நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என்மேல் சாய்ந்துகொண்டு, இடது கையை எடுத்து உன் தொப்பையைக் காட்டினார். இழுத்து இழுத்துத்தான் சொன்னார். “யானை... வந்தாச்சு.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. என்னிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னார். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

துண்டுப் பிடி கைவந்துவிட்டது. இன்று அத்தான் ‘ம்’ என்றார், குறை சொல்லவில்லை. நீ பக்கத்தில் நின்று அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முறைத்தது எனக்குத் தெரியாமல் இல்லை.

என் குளியலறை இப்போது யாரோ குண்டு போட்ட இடம் மாதிரி இருக்கிறது. டைல்ஸ் ஒன்று மிச்சமில்லை. குழாய்க்காரர் சுவருக்குள்ளிருந்து துருப்பிடித்த ஒரு வளைவுக் குழாய்த் துண்டை எடுத்துக் காட்டி, “இதோ திருடன்” என்றார். அதை மாற்றியாகிவிட்டது. இருந்தும் நடுவில் நடுவில் ஒரு சொட்டு விழத்தான் செய்கிறது. கேட்டால், சுவருக்குள் தங்கியிருந்த பழைய ஈரமாம், நாளாக ஆகக் காய்ந்துவிடுமாம். அவர் சொல்லும்போது முகத்தைப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை இல்லை. ஒரு சொட்டுக்குக் குடை எடுப்பது அதிகம் என்று, போன குளிருக்கு வாங்கிய கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். மனைவி அதையும் படம் பிடித்துவிட்டாள்.

அந்தப் படத்துக்குக் கீழேயே, எல்லாக் குழுவிலும் நானே எழுதிப் போட்டேன்: ‘மேல்வீட்டில் ஒரு துளி ஒழுகல்கூட இல்லை. மெஷின் வைத்து நிரூபிக்கப்பட்டது. தப்பு முழுக்க என் சுவர்மீது. என் அக்காவைப் பற்றி நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன்.’ மனைவியின் அண்ணன் கை கூப்பும் படம் போட்டார். கடையில் ஒருவர், “அப்போ உங்க சுவர்தான் அழுமூஞ்சியா” என்றார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். இந்த வயதில் நான் இப்படிப் பகிரங்கமாகத் தோற்றது கிடையாது. நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு. ஒரு வாரம் முடிகிறது. இல்லத்துக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்று சொல்லிவிடு.

என் எண்ணையும் திறந்துவிடு. கேட்டுக்கும் படிக்கும் நடந்து செருப்பு தேய்கிறது.

இன்னொன்று. வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் அந்த வட்டத்தைத் திருப்பிக் கொடு. அதைக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டப்போகிறேன். இந்தச் சண்டையில் வாயைத் திறக்காமல் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.

தம்பி


ஜூன் 25

தம்பி,

இல்லத்துக்குப் போன் செய்தேன். அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு யாருக்கோ உடனே கொடுத்துவிட்டார்கள், இனிக் கேட்டாலும் கிடைக்காது. உன் எண்ணையும் திறந்துவிட்டேன், ஆனால் இதை போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ குழுவில் எழுதியதை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற இடத்தில் நானே இரண்டு தடவை நிறுத்திப் படித்தேன். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொன்னேன். இன்று காலை துணி எடுக்க வந்தவரிடமும் சொன்னேன்.

பிறகு, கேட்டாயே, கொடுத்துவிடலாம் என்று அந்த வட்டத்தை எடுக்கப் போனேன். குனிய முடியாது என்று தரையிலேயே படுத்து, அளவுகோலை நுழைத்து இழுத்தேன். புரட்டிப் பார்த்தால் அடியில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் எறும்பு அளவுக்கு எழுத்து. நீ செய்துகொடுத்த கண்ணாடியைப் போட்டுத்தான் படித்தேன். ‘பேட்டரி வேலை செய்ய, பயன்படுத்தும் முன் இந்தப் பட்டையை இழுத்து எடுக்கவும்.’

இழுக்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். நான் இழுக்கவில்லை.

இப்போது இழுத்தேன். துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

கத்துகிறது.

அக்கா